தக்காளித் தோட்டத்தில் யாருக்கு அறுவடை?
திருத்தப்பட்ட விண்டோஸ் பிரதிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'பிரதி' என்ற சொல்லுக்கு நம் சிற்றிதழ்ச் சூழலில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, வாசிப்புக்கு உள்ளாகும் பனுவல். மற்றொன்று, நகல். அமைப்பியல் இங்கு வந்து சேர்ந்த பிறகு முதல் பொருள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவது பொருள் ஜெராக்ஸ் கடையோடு நின்றுபோனது. இந்தக் கட்டுரை இரண்டாவது பொருளிலிருந்து தொடங்கி முதல் பொருளுக்கு வந்துசேர முயல்கிறது. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது இலக்கியப் பிரதி அல்ல. நாம் கட்டுரை அடிக்கிற, துண்டறிக்கை தயாரிக்கிற, உண்மை அறியும் குழுவின் வாக்குமூலங்களைச் சேமித்து வைக்கிற கணினிக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம். குறிப்பாக அதன் திருத்தப்பட்ட, அதிகாரபூர்வமற்ற நகல்கள்.

இந்த நகல்களைப் பற்றி இதுவரை இரண்டு குரல்களைத்தான் கேட்டு வந்திருக்கிறோம். ஒன்று கம்பெனியின் குரல்: இது திருட்டு, சட்டவிரோதம். இன்னொன்று நம் இடதுசாரி நண்பர்களின் குரல்: 'ஏகபோகக் கம்பெனிக்காரன்கிட்டேருந்து எடுத்தா அது எப்படிங்க திருட்டாகும்?' இரண்டு குரல்களும் உடைமை பற்றியே பேசுகின்றன. அதைவிட முக்கியமாக, இரண்டும் ஒரு விஷயத்தைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன: நம் கைக்கு வந்திருப்பது விண்டோஸ்தான் என்பதை. வந்திருப்பது விண்டோஸ் மட்டும்தானா, இடையில் கை வைத்தவர் யார், அவருக்கு என்ன ஆதாயம் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. கடைக்காரர் 'எல்லாம் போட்டுத் தர்றேன் சார், கவலைப்படாதீங்க' என்கிறார். அந்த 'எல்லாம்' என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. இதற்கு விடை தேட மிகப் பொருத்தமான இடம், இந்த நகல்கள் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்த சீனம்.

2

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1975இல் ஆல்டேர் என்ற சிறு கணினிக்காக மைக்ரோசாஃப்ட் எழுதிய பேசிக் மொழி காகித நாடாவில் துளையிட்டு விற்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் ஹோம்பிரூ கணினிச் சங்கத்தில் அந்த நாடா கைமாறிக் கைமாறி நகலெடுக்கப்பட்டது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கணினியாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்களில் பெரும்பாலோர் திருடுகிறீர்கள் என்பது அதன் சாரம். 22 ஆண்டுகள் கழித்து, 1998இல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசிய அதே கேட்ஸ் சீனத்தைப் பற்றி வேறு மாதிரிச் சொன்னார்: எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிப்போவார்கள், அப்புறம் எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில். திருட்டு நகல் ஏகபோகத்துக்கு எதிரானது என்று நம்பும் நண்பர்கள் இந்த இரண்டு பேச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நகல் பரவுவது சந்தையைப் பிடிக்கும் வழியாகவும் இருந்திருக்கிறது.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. வீட்டுப் பயனாளர் அதை நிறுவியதும் நிறுவனத்திடம் பதிவு செய்து அனுமதி பெறவேண்டும் என்ற ஏற்பாடு இதில்தான் வந்தது. பெருநிறுவனங்களுக்கு மொத்தமாக உரிமம் தரும் பதிப்புக்கு இந்தச் சடங்கு கிடையாது. அப்படி வழங்கப்பட்ட 25 எழுத்துச் சாவி ஒன்று, எக்ஸ்பி கடைகளுக்கு வருவதற்கு முன்பே வெளியே கசிந்து உலகமெங்கும் பரவியது. 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தச் சாவியை நிராகரித்தது.

இந்த இடத்தில்தான் திருப்பம். அதுவரை செய்யப்பட்டது நகலெடுப்பு. ஒரு சிடி இன்னொரு சிடியாகும், அவ்வளவுதான். பூட்டு இறுகிய பிறகு வெறும் நகல் போதவில்லை. பூட்டை உடைத்துத் தருபவர் தேவைப்பட்டார். அனுமதி கேட்கும் பகுதியை அகற்றி, சோதிக்கும் நிரலை ஊமையாக்கி, மறுபடி ஒன்றாகக் கட்டித் தரவேண்டும். நகலெடுப்பவர் பதிப்பாசிரியர் ஆனார். பயனாளருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு மூன்றாம் மனிதர் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தார். அவர் என்ன திருத்தினார் என்பதற்குப் பட்டியல் கிடையாது; கேட்பாரும் கிடையாது.

3

சீனத்தில் இந்த மூன்றாம் மனிதர்களில் புகழ்பெற்றவர் ஹோங் லெய். அவர் வெளியிட்ட எக்ஸ்பி பதிப்பின் பெயர் 'தக்காளித் தோட்டம்'. அனுமதிச் சோதனை நீக்கப்பட்டு, வேண்டாத பகுதிகள் களையப்பட்டு, புதிய தோற்றம் பூட்டப்பட்டு, இலவசமாகக் கிடைத்தது. சீனத்தில் அப்போது 'கோஸ்ட்' என்றே இவ்வகைப் பதிப்புகளுக்குப் பெயர். நார்ட்டன் கோஸ்ட் என்ற மென்பொருளால் ஒரு வட்டு முழுவதையும் படமெடுத்து இன்னொரு வட்டில் சில நிமிடங்களில் அச்சாக இறக்கிவிடலாம். கடையில் கணினி வாங்கும் சாதாரண மனிதருக்கு இதுதான் விண்டோஸ்.

2008 ஆகஸ்டில் அவர் கைதானார். 2009 ஆகஸ்டில் சூஜோ நகர நீதிமன்றம் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறையும் 10 இலட்சம் யுவான் அபராதமும் விதித்தது. வழக்கில் செங்து நகரத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றும் தண்டிக்கப்பட்டது. வழக்கின் சுவாரசியமே இங்குதான் இருக்கிறது. பயனாளரிடமிருந்து ஒரு காசும் வாங்காத பதிப்புக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? விளம்பரக்காரர்களிடமிருந்து. உலாவியைத் திறந்தால் எந்தப் பக்கம் முதலில் வரவேண்டும், எந்தத் தேடுபொறி இருக்கவேண்டும், எந்தச் செருகு நிரல் கூடவே ஏறவேண்டும் என்று பணம் கொடுத்தவர்கள் தீர்மானித்தார்கள். ஓசியில் கிடைத்தது விண்டோஸ். விலை போனது அதை நிறுவியவரின் கண்ணும் கவனமும்.

செருகு நிரல் விளம்பரத்தோடு நிற்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். உலாவியின் முதல் பக்கத்தை மாற்ற முடிந்த கை கடவுச்சொல்லையும் பதிவு செய்ய முடியும். இரண்டுக்கும் தொழில்நுட்ப வேறுபாடு சொற்பம். வேறுபாடு திருத்தியவரின் மனசாட்சியில் இருக்கிறது. மனசாட்சிக்கு அப்டேட் கிடையாது.

2011 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் புலனாய்வாளர்கள் சீன நகரங்களின் கணினிக் கடைகளில் 20 புதிய கணினிகளை வாங்கினார்கள். பெட்டி பிரிக்காத அவற்றில் நான்கில் தீநிரல்கள் ஏற்கெனவே குடியிருந்தன. ஒன்றில் இருந்தது நிட்டோல். தன்னை ஏவியவரின் உத்தரவுக்காகக் காத்திருந்து, சொன்ன இலக்கைத் தாக்கும் அடிமைக் கணினியாக அது அந்த எந்திரத்தை மாற்றிவிடும். 2012 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு நிட்டோலின் கட்டளை வந்துகொண்டிருந்த இணைய முகவரியை நிறுவனம் கைப்பற்றியது. 20 என்பது சிறிய எண்ணிக்கை. எண்ணியவரும் வழக்கின் ஒரு தரப்பு. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே இதை வாசிக்கவேண்டும். ஆனாலும் கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான விநியோகச் சங்கிலியில், வாங்குபவர் விசையை அழுத்துவதற்கு முன்பே, வேறொருவர் எழுதி முடித்துவிட முடியும் என்பது இதில் நிரூபணமானது.

4

'ஆன்டி வைரஸ் போட்டாப் போச்சு' என்பார்கள். இது எவ்வளவு பலவீனமான சமாதானம் என்பதற்கு இயங்குதளத்தின் இடத்தைப் புரிந்துகொள்ளவேண்டும். வைரஸ் தேடும் நிரல் வட்டை நேராகப் பார்ப்பதில்லை. 'இந்த அடைவில் என்னென்ன கோப்புகள் இருக்கு?' என்று இயங்குதளத்தைக் கேட்கிறது. இயங்குதளம் சொல்லும் பதிலை நம்புகிறது. பதில் சொல்பவரே விலைபோயிருந்தால்? கேட்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. ரூட்கிட் என்று அழைக்கப்படும் நிரல்கள் செய்வது இதைத்தான். திருத்தப்பட்ட இயங்குதளத்தில் தீநிரல் வெளியிலிருந்து உள்ளே நுழையவேண்டியதே இல்லை. வீடு கட்டும்போதே சுவருக்குள் வைத்துப் பூசப்பட்டிருக்கிறது.

இதற்குத் தத்துவார்த்தமான ஒரு எல்லையைக் காட்டியவர் கென் தாம்ஸன். யூனிக்ஸை உருவாக்கியதற்காக டென்னிஸ் ரிச்சியோடு சேர்த்து 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றார். 1984இல் அச்சான அவரது விருது உரை மிகச் சிறியது. மனிதர் எழுதும் நிரலை எந்திரம் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்குள் ஒரு வஞ்சகத்தை வைக்கலாம் என்று அவர் காட்டினார். கடவுச்சொல் சரிபார்க்கும் நிரலை மொழிமாற்றும்போது அது ஒரு ரகசியக் கதவைச் சேர்த்துவிடும். தன்னையே மொழிமாற்றும்போது அந்த வஞ்சகத்தையும் சேர்த்துக் கடத்திவிடும். மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும் ஒன்றும் தென்படாது. கடைசியில் நாம் நம்பவேண்டியிருப்பது பிரதியை அல்ல, அதை எழுதிய மனிதரை என்ற இடத்துக்கு உரை வந்துசேர்கிறது. நெருக்கமான வாசிப்பை நம்பி வாழும் எங்களைப் போன்ற விமர்சகர்களுக்கு இது சங்கடமான செய்தி.

31 ஆண்டுகள் கழித்து இதன் சாயல் சீனத்திலேயே நடைமுறைக்கு வந்தது. ஐபோன் செயலிகளை எழுத ஆப்பிள் தரும் எக்ஸ்கோடு என்ற கருவியை அமெரிக்க சர்வரிலிருந்து இறக்க அங்கே வெகுநேரம் ஆனது. யாரோ அதைத் திருத்தி உள்ளூர்ச் சேமிப்புத் தளம் ஒன்றில் ஏற்றினார்கள். வேகமாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்த நிரலாளர்கள் தாங்கள் அறியாமலே தங்கள் செயலிகளில் அந்நிய வரிகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். 2015 செப்டம்பரில் இது வெளிப்பட்டபோது வீசாட் செயலியின் ஒரு பதிப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது.

5

திருத்தப்பட்ட பிரதியின் இன்னொரு ஆபத்து, அது வரலாற்றுக்கு வெளியே உறைந்துபோவது. இயங்குதளம் முடிவடைந்த பிரதி அல்ல. ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட, மாதாமாதம் திருத்தப்படுவது. போலி நகலைக் கட்டியவர்களுக்கு அப்டேட் என்றாலே பயம். எந்த அப்டேட்டோடு பூட்டு திரும்பி வருமோ என்று. அதனால் பல பதிப்புகளில் அதை அடைத்துவிட்டே தருகிறார்கள். ஆபத்தைத் தடுக்கும் வழி தோதுக்காக அடைக்கப்படுகிறது.

2008இன் மூன்று தேதிகளைப் பார்க்கலாம். அக்டோபர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் சீனத்தில் ஒரு சோதனை நிரலை அப்டேட் வழியே அனுப்பத் தொடங்கியது. போலி நகல் என்று தெரிந்தால் திரையின் பின்னணி கறுப்பாகும். மாற்றி வைத்தாலும் மணிக்கொரு முறை மறுபடி கறுப்பாகும். பெரும் கொந்தளிப்பு. பெய்ஜிங் வழக்கறிஞர் ஒருவர் மைக்ரோசாஃப்டே மிகப்பெரிய ஹேக்கர் என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தில் புகார் கொடுத்தார். கறுப்புத் திரையிலிருந்து தப்ப எளிய வழி அப்டேட்டை நிறுத்திவிடுவது. மூன்றே நாளில், அக்டோபர் 23 அன்று, விண்டோஸின் மிக மோசமான ஓட்டைகளில் ஒன்றுக்கு அதே வழியில் அவசரத் திருத்தம் வெளியானது. நவம்பரில் அந்த ஓட்டை வழியே கான்ஃபிக்கர் என்ற புழு கிளம்பி, உலகம் முழுக்க இலட்சக்கணக்கான கணினிகளுக்குள் புகுந்தது. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் சீனமும் ஒன்று.

இங்கே குற்றத்தைப் பயனாளர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. போலி நகல்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று சொல்லியிருந்த நிறுவனம், மருந்து வரும் அதே குழாயில் போலீஸையும் அனுப்பியது. குழாயை அடைத்தவனை மட்டும் முட்டாள் என்பது எந்த ஊர் நியாயம்?

6

அப்படியானால் அதிகாரபூர்வமானது பத்திரம் என்று முடித்துவிடலாமா? முடியாது. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் காசு கொடுத்து வாங்கிய இசைத் தட்டுகளுக்குள்ளேயே ரூட்கிட்டை வைத்து விற்றது அம்பலமானது. 2015இல் லெனோவோ தன் மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பியது வெளிப்பட்டது. வங்கிப் பரிமாற்றம் போன்ற பூட்டிய இணைப்புகளுக்கு நடுவிலும் அது புகுந்து உட்கார்ந்தது. தக்காளித் தோட்டம் செய்ததும் லெனோவோ செய்ததும் பொருளியல் ரீதியாக ஒரே காரியம்தான். ஒருவர் சிறைக்குப் போனார். மற்றவர் 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டார்.

ஆகவே கோடு போடவேண்டிய இடம் வேறு. தமிழ்ப் பதிப்பு வரலாறு இங்கே எனக்குக் கைகொடுக்கிறது. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒவ்வொரு பிரதியும் திருத்தப்பட்ட பிரதிதான். கம்பராமாயணத்தில் பின்னால் வந்தவர் எழுதிச் சேர்த்தவை என்று கருதப்பட்ட பாடல்களுக்கு 'வெள்ளிப் பாடல்கள்' என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது. இடைச்செருகல் மூலத்தின் யாப்பையே அணிந்து வரும். கேட்பவருக்குச் சந்தேகம் வராது. உ.வே.சாமிநாதையர் இதை எப்படி எதிர்கொண்டார்? ஊர் ஊராகப் போய்ப் பல ஏடுகளைச் சேர்த்தார்; ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டார்; பாடபேதங்களைக் குறித்தார்; எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது என்று முகவுரைகளில் பதிவு செய்தார். ஒப்பிட இன்னொரு ஏடு, வந்த வழியின் பதிவு. இந்த இரண்டும் இருந்தால் இடைச்செருகலைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பாவது உண்டு.

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஒரு நகலுக்குத் திருப்பிவிட்டார்கள். திறந்த மூல நிரல் என்பதால் மட்டும் யாரும் தப்பிவிடவில்லை. ஆனால் ஒரு நாளுக்குள் கண்டுபிடித்து உலகத்துக்கே அறிவித்தார்கள். கையில் இருப்பது நல்ல நகலா கெட்ட நகலா என்று எவரும் சோதித்துக்கொள்ள வழியும் சொன்னார்கள். ஒரு கோப்பைக் கணிதச் சூத்திரம் ஒன்றின் வழியே செலுத்தினால் கைரேகை போல ஒரு குறியீடு கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு மாறிவிடும். அந்தக் குறியீட்டில் உருவாக்கியவரின் மின்கையொப்பமும் இருந்தால், இணையதளத்தைக் கைப்பற்றியவராலும் ஏமாற்றுவது கடினம். தக்காளித் தோட்டத்துக்கு இப்படி ஒரு மூல ஏடு கிடையாது. அதனுடைய சரியான பிரதி எது என்று கேட்டால், ஹோங் லெய் கட்டியதுதான் சரியான பிரதி என்ற பதில்தான் கிடைக்கும்.

7

இதெல்லாம் கணினிக்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று கேட்கும் செயல்பாட்டாளர்களுக்கு இரண்டு சம்பவங்கள்.

ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரில் பைக்கால் ஏரியைக் காக்கப் போராடிய பைக்கால் சுற்றுச்சூழல் அலை என்ற அமைப்பு. ஏரிக்கரைக் காகித ஆலையை மீண்டும் திறக்க புடின் அரசு எடுத்த முடிவை எதிர்த்தது. 2010 ஜனவரியில் போலீஸ் வந்து 12 கணினிகளை அள்ளிப் போனது. சொன்ன காரணம்: திருட்டு மைக்ரோசாஃப்ட் மென்பொருள். உரிமம் பெற்றவையே என்று அமைப்பு ஆவணங்களைக் காட்டியும் பயனில்லை. இதே பாணியில் பல அமைப்புகளும் பத்திரிகைகளும் குறிவைக்கப்பட்டதையும், நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் போலீஸுக்குத் துணைபோனதையும் அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் ரஷ்யா உள்ளிட்ட நாடுகளின் தன்னார்வ அமைப்புகளுக்கு இலவச உரிமம் அறிவித்தது. உரிமம் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், இல்லாதவர்கள் அரசின் கையில் சாக்கை எழுதியே கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது நம் நாட்டில். பீமா கோரேகாவ் வழக்கில் 2018இல் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல், 2016 முதல் 22 மாதங்கள் அந்நியர் ஒருவர் அந்தக் கணினியைக் கட்டுப்படுத்தி, குற்றஞ்சாட்டப் பயன்பட்ட கோப்புகளை மறைவான அடைவில் வைத்ததாக 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே பணியாற்றிய ஸ்டான் சுவாமி, அதே வழக்கில் காவலில் இருந்தபடியே 2021 ஜூலையில் இறந்தார். அவர் கணினியிலும் இப்படியே நடந்ததாக 2022 டிசம்பரில் அதே நிறுவனம் கூறியது. புலனாய்வு முகமை இந்த முடிவுகளை ஏற்கவில்லை. வில்சனின் கணினிக்குள் தீநிரல் நுழைந்தது மின்னஞ்சல் வழியே, திருத்தப்பட்ட இயங்குதளம் வழியே அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஒரு எந்திரத்தின் அடித்தளம் வேறொருவர் வசம் போனால், அதிலிருந்து எடுக்கத்தான் முடியும் என்றில்லை, அதற்குள் வைக்கவும் முடியும் என்பதை இந்த அறிக்கைகள் நம் முன் வைக்கின்றன. மின்னஞ்சலில் வருபவர் கதவைத் தட்டவாவது வேண்டும். இடைச்செருகல் இயங்குதளத்தோடு வருபவருக்கு அந்தச் சிரமமும் இல்லை.

8

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது; நிறுவனம் விதித்த வன்பொருள் நிபந்தனைகள் அப்படி. நன்றாக ஓடும் எந்திரத்தைக் குப்பை என்று அறிவிப்பது கம்பெனியின் அதிகாரம். அந்த நிபந்தனைகளைக் கழற்றிய, 'வெயிட் குறைச்ச' விண்டோஸ் 11 பதிப்புகள் இப்போது சுற்றுகின்றன. எப்படித் திருத்தினோம் என்ற நிரலையே பகிரங்கமாக வைத்து, மூல நகலை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்பவர்கள் சிலர். கட்டி முடித்த கோப்பை மட்டும் நீட்டுபவர்கள் பலர். முன்னவரைப் படித்துப் பார்க்கலாம். பின்னவரை நம்பத்தான் முடியும்.

காசில்லாத சிறு அமைப்புகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகள் பழைய எந்திரத்திலும் ஓடும். தமிழ் ஒருங்குறி எழுத்துக்களும் தட்டச்சும் அவற்றில் இருக்கின்றன. இறக்கிய கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். பழைய எழுத்துருக்களில் பக்கம் கட்டிப் பழகிய வடிவமைப்பாளருக்கு மாறுவது கஷ்டம் என்ற வாதம் நியாயமானது. அந்த ஒரு கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, பக்கம் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஆட்களின் பெயர்களும் வாக்குமூலங்களும் முகவரிகளும் இருக்கும் எந்திரம் வேறாக இருக்கவேண்டும். நம்மிடம் பேசியவர்கள் நம் எந்திரத்தை நம்பிப் பேசவில்லை, நம்மை நம்பிப் பேசினார்கள். அந்த எந்திரத்தில் இயங்குதளத்தை யார் போட்டது, எங்கிருந்து எடுத்தது என்ற கேள்வியை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளலாம்.